தொண்டு நிறுவனங்களின் துணையும் தொழில் தலைமையும்

சென்னை நகரின் தென்பகுதியில், அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்திற்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் இடையே, ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் கிராமம் அமைந்துள்ளது. ஊரூர்க் குப்பம், ஒல்காட் குப்பம் என அடுத்தடுத்து அமைந்த இரு குடியிருப்புகளையும் சேர்த்து இப்பெயரால் வழங்குகின்றனர். 1882-ஆம் ஆண்டில் அடையாற்றில் தன் தலைமையகத்தை அமைத்த பிரம்மஞான சபையின் முதல் தலைவரான கர்னல் ஒல்காட் அவர்களின் பெயரே இக்குப்பத்திற்கு வாய்த்தது. அவர் 1894-ஆம் ஆண்டில், ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுவர்களுக்கென அடையாற்றில் இலவசப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அதே வட்டாரத்தில் 1936-ஆம் ஆண்டில் திருமதி ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் கலாக்ஷேத்திரத்தை நிறுவியதும், அடுத்த ஆண்டிலேயே அங்குக் கைத்தறி நெசவுக் கூடம் ஒன்று தொடங்கப்பெற்றதும் நம் நெசவாளர் அங்கத்தினர்கள் அறிந்து மகிழத்தக்க செய்திகள். ஆகவே, லாப நோக்கமற்ற ஸ்தாபனங்கள் உழைக்கும் மக்களோடு கைகோத்து நிற்பது இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று.

அத்தகைய கூட்டுறவால், உழைக்கும் மக்களிடையே தொழிலை நடத்தவல்ல தலைவர்கள் உருவாகிறார்களா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். மீனவர் குப்பத்தை முன்னிறுத்திப் பேசினாலும், தறியில் அமர்வோருக்கும் ஏர் பிடிப்போருக்கும் இது தம் வீட்டுக் கதை போலவே தோன்றும் என நம்புகிறோம்.

கடலில் தலைமை, கரையில் கடன்

விடியற்காலையில் குப்பத்தின் மணற்பரப்பில் நின்று பார்ப்பவர் இரண்டு காட்சிகளைக் காண்பர். முதலாவது, கரையேறும் படகு. காற்று கச்சானா வாடையா, நீரோட்டம் எத்திசை, எந்த ஆழத்தில் எந்த வலையை இறக்குவது என்பனவற்றையெல்லாம் கடலிலேயே முடிவு செய்து, உடன் வந்தோரின் உயிருக்கும் பொறுப்பேற்று, படகைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் அனுபவசாலி அப்படகில் இருப்பார். எரிபொருள் முதலிய செலவுகளைக் கழித்து, எஞ்சியதைப் படகுக்கு இத்தனை பங்கு, வலைக்கு இத்தனை பங்கு, ஆளுக்கு இத்தனை பங்கு எனப் பிரிக்கும் முறையும் அவர்களிடையே உண்டு. ஊர்ப் பொதுக் காரியங்களை நடத்தப் பஞ்சாயத்தும் உண்டு. தலைமைக்கு வேண்டிய துணிவு, நிதானம், பங்கீட்டில் நேர்மை ஆகிய குணங்கள் இங்குப் பரம்பரையாகவே உள்ளன.

இரண்டாவது காட்சி, கூடையோடு காத்திருக்கும் பெண்கள். சங்கரா, வவ்வால், நெத்திலி, கானாங்கெளுத்தி என வந்திறங்கும் மீனைக் கண்ணால் அளந்து, எந்தத் தெருவில் எது விலைபோகும் என மனத்தில் கணக்கிட்டு, சில நிமிடங்களில் விலைபேசி முடிப்பவர்கள் அவர்கள். மாலைக்குள் விற்றுத் தீராவிடில் சரக்கு வீண். ஆகவே ஒவ்வொரு நாளும் புதிதாகத் துணிய வேண்டிய வியாபாரம் அது.

இத்தனை திறமை இருந்தும், கரைக்கு வந்தபின் தொழிலின் கடிவாளம் பல இடங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. படகுக்கும் இயந்திரத்திற்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி, மீனைத் தமக்கே விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதிக்கிறார். பெண்களின் அன்றாட முதலோ தண்டல்காரரிடமிருந்து வருகிறது.

தண்டலின் கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேசி, முன்கூட்டியே 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் பத்தாயிரத்தையும் செலுத்த வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் வட்டி நூற்றுக்குப் பதினைந்து எனத் தோன்றும். ஆனால், அன்றாடம் முதல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகக் கையில் நின்ற கடன் சுமார் 4,250 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால், ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடுகிறது! இதே 8,500 ரூபாயை இதே தவணையில், ஏழைகளுக்கென 1972-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட 4 சதவீத வட்டித் திட்டத்தின் வீதத்தில் கணக்கிட்டால், மொத்த வட்டி ஐம்பது ரூபாயைக் கூட எட்டாது.

அளவு மீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் தண்டல் ஏன் மறையவில்லை? அது வீட்டு வாசலுக்கு வருகிறது, விடியற்காலையிலும் கிடைக்கிறது, மனு, ஜாமீன், சாட்சி எதையும் கேட்பதில்லை. இந்த வசதியைக் கொடுக்காமல், வட்டி குறைவு என்ற ஒன்றை மட்டும் சொல்லி எந்தச் சங்கமும் தண்டல்காரரை வென்றுவிட முடியாது. இதை உணர்ந்து செயலாற்றிய ஸ்தாபனம் ஒன்று இக்குப்பத்திற்கு அருகிலேயே, மயிலாப்பூரில் பிறந்தது.

மயிலாப்பூர் காட்டிய வழி

திருமதி ஜெயா அருணாசலம் அவர்கள் அரசியல் பணியில் ஈடுபட்டிருந்தவர். சென்னையின் ஏழை மக்களிடையே வெள்ள நிவாரணத் தொண்டு செய்தபோது, அங்குள்ள பெண்கள் வேண்டுவது தானமன்று, செய்யும் சிறு வியாபாரத்திற்கு நியாயமான கடனே என்பதை அவர் கண்டார். 1978-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 800 பெண்களைக் கொண்டு உழைக்கும் மகளிர் மன்றத்தைத் தொடங்கினார். காய்கறி, மீன், பூ, இட்லி விற்போரும், வீட்டிலிருந்தே கைத்தொழில் செய்வோரும் அதில் சேர்ந்தனர்.

மன்றத்தின் அமைப்பை நம் அங்கத்தினர்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒரே வட்டாரத்தில் வாழும், ஒருவரையொருவர் நன்கறிந்த பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு. குழுவுக்கு ஒரு தலைவி. அவரும் கடன் பெற்றுத் தொழில் செய்பவரே. யாருக்கு எவ்வளவு கடன் தாங்கும், யார் தவணை தவறக்கூடியவர் என்பதை மதிப்பிடுவதும், அங்கத்தினரை வங்கிக்கு அழைத்துச் செல்வதும், தவணை வசூலுக்குப் பொறுப்பேற்பதும் அத்தலைவியின் கடமைகள். சொத்து ஜாமீன் இடத்தில் குழுவின் கூட்டுப் பொறுப்பு நின்றது. குழுத் தலைவிகளிலிருந்தே வட்டார அமைப்பாளர்கள் எழுந்தனர்.

முதலில் மன்றம் தேசிய வங்கிகளுக்கும் பெண்களுக்கும் இடையே பாலமாக நின்றது. ஆனால், வங்கியின் வேலை நேரமும் படிவங்களும், தெருவில் கூவி விற்கும் பெண்ணின் நாளோடு ஒத்துவரவில்லை. எனவே 1981-ஆம் ஆண்டில் தம் சொந்தக் கூட்டுறவுச் சங்கத்தையே அவர்கள் ஏற்படுத்திக்கொண்டனர். பிற்காலத்தில் அது இந்தியப் பெண்கள் கூட்டுறவு வலையமைப்பு என விரிந்தது. அதிராம்பட்டினத்து மீனவப் பெண்களிடமும், ஆந்திரத்தின் நர்சாபூரில் சரிகைப் பின்னல் வேலை செய்யும் பெண்களிடமும் மன்றத்தின் பணி பரவியது. 1987-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற ஜெயா அருணாசலம் அவர்கள் 2019-ஆம் ஆண்டில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் முக்கியமாகக் காண்பது யாது? தலைமைப் பயிற்சி என்ற பெயரில் பெண்களை ஓர் அறையில் அமர்த்திப் பிரசங்கம் செய்ததால் தலைவிகள் உண்டாகவில்லை. பிறர் பணத்திற்குப் பொறுப்பேற்கச் செய்ததால் உண்டாயினர். பத்துப் பேரின் கடனை நினைவில் வைத்து, தவணை தவறியவளிடம் கடிந்தும் அவள் துன்பத்தைக் கேட்டும் நடந்துகொள்ளக் கற்ற ஒருத்தி, நாளடைவில் நூறு பேரின் காரியத்தையும் நடத்தக் கற்கிறாள். குஜராத்தில் திருமதி இளா பட் அவர்கள் 1972-ஆம் ஆண்டில் தொடங்கிய சேவா இயக்கமும் இதற்குச் சான்று. 1974-ஆம் ஆண்டில் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப்பணம் போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியை நிறுவினர். பத்து ரூபாய் சிறு தொகைதான். ஆயினும் அதைக் கொடுத்தவள் அவ்வங்கிக்கு உடைமைக்காரி ஆனாள்.

ஏலத்தை மீட்ட மீனவர்

இனி ஆண்கள் பக்கம் வருவோம். கேரளத்தின் தென்கோடியில், திருவனந்தபுரத்திற்கு அருகே மரியநாடு என்றொரு கடற்கரைக் கிராமம் உள்ளது. 1960-களில் அங்கு மறைமாவட்டத்தின் முயற்சியால் மீனவக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. சமூகத் தொண்டர் குழு ஒன்று அவ்வூரிலேயே தங்கி மக்களோடு வாழ்ந்தது. அத்தொண்டர்களின் துணையோடு மீனவர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கமே, 1980-ஆம் ஆண்டில் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்புக்கு முன்மாதிரி ஆயிற்று. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் சங்கங்களும் அக்கூட்டமைப்பில் இடம் பெற்றன.

அச்சங்கங்களின் வேலைமுறை எளியது, ஆனால் ஆழமானது. கடலுக்குச் சென்று உழைப்பவரே அங்கத்தினர் ஆகலாம். வியாபாரிக்கும் வட்டிக்காரருக்கும் இடமில்லை. கரையில் மீனைச் சங்கத்தின் ஆளே ஏலம் கூறுவார். விற்ற தொகையிலிருந்து சிறு பகுதி சங்கச் செலவுக்கும், சிறு பகுதி மீனவரின் பெயரிலேயே சேமிப்புக்கும், ஒரு பகுதி கடன் தவணைக்கும் பிடிக்கப்படும். மிகுதி மீனவருக்குச் சேரும். பிடிப்புக்குத் தக்கபடி தவணையும் ஏறி இறங்குவதால், மீன் படாத நாளில் கடன் கழுத்தை இறுக்குவதில்லை. மீன் நிறையப் பட்ட நாளில் கடன் விரைந்து தீருகிறது.

சங்கம் ஏலத்தை ஏன் முதலில் கைப்பற்றியது என்பதைச் சிந்திக்க வேண்டும். கடன் கொடுத்தவர் விலையை நிர்ணயிக்கும் வரையில், கடனை அடைத்தாலும் மீனவர் விடுதலை பெறுவதில்லை. விலை நிர்ணயம் தம் கைக்கு வந்தபோதே கடனை அடைக்கும் வலிமையும் வருகிறது. இது மாஸ்டர் வீவரிடம் பாவும் ஊடையும் வாங்கிக் கூலிக்கு நெய்தவர்களுக்கும், களத்துமேட்டிலேயே தரகரிடம் நெல்லை அளந்து கொடுத்தவர்களுக்கும் சொல்லித் தெரிய வேண்டிய செய்தியன்று. 1935-ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் சங்கம் தோன்றியதற்கும், 1955-ஆம் ஆண்டில் திருபுவனத்தில் பட்டு நெசவாளர் சங்கம் எழுந்ததற்கும் இதே உண்மைதான் அடிப்படை.

இங்குத் தொண்டர்களின் பங்கு என்ன? கணக்கு எழுதவும், வங்கியோடும் சர்க்காரோடும் கடிதப் போக்குவரத்து நடத்தவும், படகு இயந்திரம் வாங்குவதில் விலை விசாரிக்கவும் அவர்கள் துணை நின்றனர். ஏலம் கூறுவதையும், யாருக்குக் கடன் என்பதையும், தலைவர் யார் என்பதையும் மீனவரே முடிவு செய்தனர். இவ்விரண்டு வேலைகளுக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு அழிந்துவிட்டால், சங்கம் தொண்டு நிறுவனத்தின் கிளையாகிவிடும்.

சுனாமி கற்பித்த பாடம்

அவ்வெல்லைக்கோடு அழிந்ததற்கும் நம் கடற்கரையே சாட்சி. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. அதன்பின் உலகின் பல பாகங்களிலிருந்தும் உதவி குவிந்தது. உயிர் காக்கவும் வீடு கட்டவும் அவ்வுதவி பெரிதும் பயன்பட்டது என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

ஆனால், தொழில் உதவியில் பல தவறுகள் நேர்ந்தன. ஒரே ஊருக்குப் பல நிறுவனங்கள் தனித்தனியே பைபர் படகுகளை வழங்கின. முன்பு கட்டுமரம் வைத்திருந்தவருக்கும், படகே இல்லாது கூலிக்குச் சென்றவருக்கும் படகு கிடைத்தது. பல இடங்களில் இழந்ததைவிட அதிகமான படகுகள் கரையில் நின்றன. ஓட்டுவதற்கு ஆள் போதவில்லை. கடலில் மீனோ படகுக்கு ஏற்பப் பெருகவில்லை. எத்தனை படகு வேண்டும், யாருக்கு வேண்டும், கூட்டுடைமையாகவா தனியுடைமையாகவா, பழுதுபார்ப்பது யார் என்ற வினாக்களைக் கொடுத்தவரும் சரிவரக் கேட்கவில்லை. பெறுபவருக்குக் கேட்க அவகாசமும் இல்லை. வரிசையில் நின்று பொருளைப் பெறுவதற்குத் தலைமை வேண்டியதில்லை அல்லவா?

இதற்கு எதிரான நல்ல உதாரணமும் உண்டு. தரங்கம்பாடியில், மேலே குறிப்பிட்ட மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பே வீடு கட்டும் பொறுப்பை மேற்கொண்டது. கடற்கரை மக்களின் வாழ்க்கையை ஏற்கெனவே அறிந்த ஸ்தாபனம் ஒன்று அங்கே இருந்ததால், பேசுவதற்கு இரு தரப்பு இருந்தது. உதவியைத் தாங்கிக்கொள்ளும் சங்கம் முன்பே இருந்தால்தான் வரும் உதவி பயன் தரும் என்பதை இதனால் அறிகிறோம்.

படித்தோர் கற்க வேண்டிய பாடம்

தொண்டு நிறுவனங்களோடு கூடி உழைப்பதால் ஏழைத் தொழிலாளர் மட்டுமே தலைவர் ஆகிறார்கள் என்று எண்ணுதல் கூடாது. நிர்வாகப் படிப்புப் படித்த இளைஞர்களும் இதே பட்டறையில்தான் கூர்மையடைகிறார்கள்.

1946-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பதிவான கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவராக விளங்கியவர் திரு. திரிபுவன்தாஸ் பட்டேல். 1949-ஆம் ஆண்டில் ஆனந்துக்கு வந்த பொறியியல் பட்டதாரி டாக்டர் வர்கீஸ் குரியன் அவர்கள், அச்சங்கத்தின் நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். மக்களின் நம்பிக்கையைப் பெற்ற தலைவரும், தொழில்நுட்பம் அறிந்த நிர்வாகியும் தத்தம் எல்லையில் நின்றதால் அமுல் வளர்ந்தது. இருவரும் 1963-ஆம் ஆண்டில் மக்சேசே விருதைப் பகிர்ந்துகொண்டனர். கிராமப்புற ஸ்தாபனங்களுக்கு நிர்வாகிகளை உருவாக்க 1979-ஆம் ஆண்டில் ஆனந்தில் ஒரு கழகம் எழுந்தது. அங்குப் பயிலும் மாணவர் கிராமத்தில் தங்கிக் களப்பணி செய்வது படிப்பின் ஓர் அங்கமாகும். அக்கழகமே 2025-ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாகத் திரிபுவன்தாஸ் அவர்களின் பெயர் தாங்கிய கூட்டுறவுப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

1983-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதான் என்னும் நிறுவனம், படித்த வல்லுநர்களைக் கிராமங்களிலேயே வேலைசெய்ய அனுப்புவதைத் தன் கொள்கையாகக் கொண்டது. அதன் மதுரைப் பணியிலிருந்து 1997-ஆம் ஆண்டில் தான் அறக்கட்டளை கிளைத்தது. களஞ்சியம் என்ற பெயரில் பெண்களின் சேமிப்புக் குழுக்களை வளர்த்த அந்நிறுவனத்தில், குழுக் கணக்கை எழுதிப் பழகும் உள்ளூர்ப் பெண்ணும், அவளுக்குக் கற்பிக்க வந்த பட்டதாரியும் ஒருவருக்கொருவர் ஆசிரியர்கள்.

அயல்நாட்டிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் மொந்த்ராகோன் என்னும் சிற்றூருக்கு, 1941-ஆம் ஆண்டில் அரிஸ்மெந்தியரியெத்தா என்ற இளம் பாதிரியார் வந்தார். 1943-ஆம் ஆண்டில் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அப்பள்ளியில் பயின்றவர்களில் ஐவர் சேர்ந்து 1956-ஆம் ஆண்டில் கூட்டுறவுத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினர். 1959-ஆம் ஆண்டில் அவர்களுக்கென வங்கியும் ஏற்பட்டது. இன்று அது பல தொழில்களைக் கொண்ட பெரும் கூட்டுறவுத் தொகுதியாக விளங்குகிறது. முதலில் பள்ளி, பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் தொழிற்சாலை என்ற வரிசையை நாம் மறத்தலாகாது. தலைமை ஒரு பருவத்தில் விளையும் பயிரன்று.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கம்பெனிகள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என விதித்தது. பல கம்பெனிகள் தம் அதிகாரிகளையும் தொண்டுக்கு அனுப்புகின்றன. இத்தகையோர் நம் சங்கத்திற்கு வந்தால் வரவேற்போம். ஆனால், ஒரு நாள் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு செல்வோரால் நமக்கும் பயனில்லை, அவர்களுக்கும் பயனில்லை. ஆறு மாதம் நம் கணக்கரோடு அமர்ந்து, தேங்கிக் கிடக்கும் சரக்கின் பட்டியலைத் தயாரித்து, கொள்முதல் முறையைத் திருத்திக் கொடுப்பவர் வந்தால், நமக்கு ஒரு கணக்கு முறை கிடைக்கும். அதிகாரம் செலுத்த முடியாத இடத்தில், சம்பளம் கொடுக்காத மக்களின் சம்மதத்தைப் பெற்றுக் காரியம் செய்யும் கலையை அவரும் கற்றுச் செல்வார்.

குப்பத்தில் நடந்த விழா

மீண்டும் ஊரூர் ஒல்காட் குப்பத்திற்கே வருவோம். 2015-ஆம் ஆண்டில் அங்கு ஒரு கலைவிழா தொடங்கிற்று. கர்நாடக இசைக் கலைஞர் திரு. டி. எம். கிருஷ்ணா, சமூகச் செயற்பாட்டாளர் திரு. நித்யானந்த் ஜெயராமன் முதலியோரும் குப்பத்து மக்களும் தன்னார்வத் தொண்டர்களும் கூடி அதனை நடத்தினர். கர்நாடக இசையும் பரதமும் நாட்டார் கலைகளும் ஒரே மேடையில், கடற்கரையில், அனைவர்க்கும் இலவசமாக நிகழ்ந்தன. சபாக்களின் மண்டபங்களுக்கு அருகிலேயே வாழ்ந்தும் அவற்றுள் நுழையாத மக்கள் அங்கு விருந்தோம்பும் இடத்தில் இருந்தனர்.

இது வியாபார முயற்சியன்று என்பது உண்மையே. இருப்பினும், தலைமை பற்றிய நம் ஆராய்ச்சிக்கு இது தேவையானது. ஏனெனில், பெரிய மனிதர்கள் எளிய மக்களுக்குக் கலையைக் கொண்டு சென்று கொடுக்கும் தயவாக இது முடிந்துவிடாதா என்ற ஐயத்தை அப்போதே சிலர் எழுப்பினர். நியாயமான ஐயமே அது. விழாவாயினும் சங்கமாயினும், அழைப்பது யார், இடம் கொடுப்பது யார், நிகழ்ச்சியை முடிவு செய்வது யார், செலவுக் கணக்கைப் பார்ப்பது யார் என்ற நான்கு வினாக்களுக்கும் கிடைக்கும் விடையில்தான் அது தயவா, கூட்டுறவா என்பது விளங்கும். இந்நான்கையும் நம் சங்கங்கள் எந்தத் தொண்டு நிறுவனத்திடமும், ஏன், நம் சொந்த நிர்வாகக் குழுவிடமும் கூடக் கேட்கலாம்.

நம் சங்கங்களுக்குச் சில யோசனைகள்

உழவர்களுக்கு இவ்விஷயம் இப்போது அவசரமானது. 2020-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார், பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஒவ்வோர் அமைப்புக்கும் ஐந்து ஆண்டுகள் கைகொடுத்து வழிநடத்தத் துணை நிறுவனங்கள் நியமிக்கப்பட்டன. பல இடங்களில் தொண்டு நிறுவனங்களே அப்பணியைச் செய்கின்றன. ஐந்தாண்டுக் கெடு முடிந்த மறுநாள், வங்கிக் கணக்கை இயக்கவும், உரக் கொள்முதலுக்கு விலைபேசவும், ஆண்டறிக்கை தாக்கல் செய்யவும் உள்ளூரில் ஆள் இருக்கிறாரா? இல்லையெனில், அங்கத்தினர் போட்ட பங்குப்பணம் ஒரு பெயர்ப்பலகையாக மட்டுமே நிற்கும். ஆகவே, பின்வரும் யோசனைகளை நம் சங்கங்களின் பரிசீலனைக்கு வைக்கிறோம்.

முதலாவது, எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தாலும், அது விலகும் நாளை முதல் நாளிலேயே எழுதிக்கொள்க. அவர்கள் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் நேராக, அதனைக் கற்றுக்கொள்ளும் நம் அங்கத்தினரின் பெயரையும், வேலை கைமாறும் மாதத்தையும் குறிப்பிடுக.

இரண்டாவது, ஒருவரை மட்டும் பழக்காதீர்கள். பேசத் தெரிந்த ஒருவரே எல்லாப் பயிற்சிக்கும் போய்வருவது நம் சங்கங்களில் வழக்கமாகிவிட்டது. அவர் நாளை ஊர் மாறினால் கல்வியும் அவரோடு போய்விடும். மனம் மாறினாலோ, அவரே புதிய இடைத்தரகர் ஆகிவிடுவார். ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவரேனும் தேர்ந்திருத்தல் வேண்டும். அவருள் ஒருவர் பெண்ணாக இருப்பது நலம்.

மூன்றாவது, பயிற்சி மெய்யான பணத்தில் நடக்கட்டும். இளம் அங்கத்தினர் மூவரிடம் ஒரு சிறு கொள்முதலை ஒப்படையுங்கள்: பொங்கல் விற்பனைக்குச் சாய நூல் வாங்குவதாகட்டும், ஒரு பருவத்திற்கு விதை வாங்குவதாகட்டும். விலை விசாரித்து, முடிவு செய்து, லாபநஷ்டக் கணக்கைப் பேரவையில் அவர்களே படிக்கட்டும். சிறு நஷ்டம் நேர்ந்தால் அதைப் படிப்புச் செலவாகக் கருதுவோம்.

நான்காவது, கணக்கு எல்லோருக்கும் புரியும் தமிழில் இருத்தல் வேண்டும். மாதந்தோறும் கையிருப்பு, பாக்கி, சரக்கு, கடன் ஆகிய நான்கு எண்களையேனும் சங்கக் கட்டடத்தின் சுவரில் எழுதி வையுங்கள். எண்ணைப் படிக்கும் அங்கத்தினரே வினா எழுப்புவார். வினாவுக்கு விடை சொல்லிப் பழகியவரே நல்ல தலைவராவார்.

ஐந்தாவது, இலவசமாக வருவதை ஏற்குமுன், அதைப் பராமரிக்க ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் எனக் கேளுங்கள். கரையில் ஓட்ட ஆளின்றி நின்ற படகுகளை நினைவில் கொள்க. பயன்படாத தறியும், பூட்டிக் கிடக்கும் கிடங்கும் அவற்றின் உடன்பிறப்புகளே.

1904-ஆம் ஆண்டில் இந்நாட்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கமும் தோன்றின. அன்று தொடங்கியவர்களுக்கு முன்மாதிரி என்று சொல்ல உள்ளூரில் எதுவும் இல்லை. நமக்கோ மயிலாப்பூரின் தெரு வியாபாரப் பெண்களும், மரியநாட்டு மீனவர்களும், ஆனந்தின் பால்காரர்களும் வழிகாட்டிகளாக உள்ளனர்.

படகைக் கரையிலிருந்து கடலில் இறக்கும்போது ஊராரும் தோள்கொடுத்துத் தள்ளுவதுண்டு. அலையைத் தாண்டும் வரையில்தான் அந்தத் தோள். அதன்பின் படகில் இருப்பவரே துடுப்பையும் சுக்கானையும் பிடிக்க வேண்டும். தள்ளிவிட வந்தவர்களுக்கு நன்றி சொல்வோம். சுக்கானை நம் பிள்ளைகளுக்கு இப்போதே பழக்குவோம். அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இவ்விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகச் சேர்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.